மார்க்கரில் காற்றுக் கசிவு: கசிவைவிட ரிப்பேர் கெடுக்கும் இடங்கள்

கண்ணாடி போடாமல் மார்க்கரை (சாயக் குண்டு சுடும் பெயின்ட்பால் துப்பாக்கியை) தொடாதே, குண்டு நிரப்பும் ஹாப்பரைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பி, டேங்கை எடுத்த பிறகும் உள்ளே தங்கிய காற்றைச் சுட்டு வெளியேற்று. பெயின்ட்பால் மார்க்கர் எதை வாங்கினாலும் மேனுவலின் முதல் பக்கங்களிலேயே இவையெல்லாம் இருக்கும், நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. மேனுவலை வரிவரியாகப் படித்தவர்களும் செய்கிற தவறுகள்தான் என் மேசைக்கு வருகின்றன. இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் ஆரம்பத்தில் இவற்றில் பாதியையாவது செய்துதான் தேறியிருப்போம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதையே, அதே வரிசையில் செய்வதைப் பார்க்கும்போது பொறுக்கவில்லை.

இங்கே சொல்வது பெரும்பாலும் டிப்மேன் 98 கஸ்டம் போன்ற புளோபேக் மார்க்கர்களைப் பற்றி, அதாவது சுடும் காற்றில் ஒரு பகுதியே மார்க்கரை அடுத்த சூட்டுக்குத் தயாராக்கும் வகை. வாடகைக்கு விடும் மைதானங்களில் அடி வாங்கி உழைப்பவை இவைதான், செகண்ட் ஹேண்டில் அதிகம் கைமாறுபவையும் இவைதான்.

காதை நம்பி ஸ்க்ரூவைக் கழற்றுவது

'உஸ்' என்று சத்தம் வரும் இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உடம்புக்குள் எங்கோ தப்பிய காற்று, கிடைத்த வழியாக வெளியே வரும். டிரிகர் பக்கம் சத்தம் கேட்கிறது என்பதற்காகப் பழுது டிரிகரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒரு பழைய பெயின்ட் பிரஷ். டேங்க் வந்து சேரும் இடம், குழாயின் இரண்டு முனைகள், மார்க்கருக்குள் அது நுழையும் இடம் என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போங்கள். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே நில்லுங்கள். எலக்ட்ரானிக் மார்க்கராக இருந்தால் கிரிப் பக்கம் மட்டும் பிரஷைக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே போர்டும் பேட்டரியும் இருக்கின்றன.

பேரலில் காற்று போகிறது என்றதும் வால்வைப் பிரிப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இது.

ஒரு தம்பி பிளாஸ்டிக் பையில் 98 ஒன்றைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தது மார்க்கர் இல்லை, மார்க்கரின் பாகங்கள். இரண்டு பாதியாகப் பிளந்த உடம்பு, ஸ்பிரிங், போல்ட், தனித்தனியாக ஓ ரிங்குகள் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்கள்).

"அண்ணே, டேங்க மாட்டுனதும் பேரல் வழியா காத்து போயிட்டே இருந்துச்சு. கப் சீல் போயிடுச்சுன்னு வீடியோல சொன்னாங்க. பிரிச்சுட்டேன்."

"மாட்டுறதுக்கு முன்னாடி காக் பண்ணீங்களா?"

"அது எதுக்குண்ணே?"

அவ்வளவுதான் விஷயம். 98-இல் வால்வுக்குப் பின்னால் ரியர் போல்ட் இருக்கிறது. சுத்தியலாக வேலை செய்வது அதுதான். காக் செய்யாத நிலையில், அதாவது அந்த போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பூட்டாதபோது, மெயின் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளி வால்வின் ஊசி மீது சாய்த்து வைத்திருக்கும். வால்வுக்குள் காற்றை அடைக்கும் மூடியான கப் சீலை மூடி வைப்பதில் பெரும்பங்கு காற்றழுத்தத்துடையது. டேங்கை மெதுவாகத் திருகும்போதோ, டேங்கில் காற்று குறைவாக இருக்கும்போதோ அந்த அழுத்தம் போதாது. ஸ்பிரிங் ஜெயித்துவிடும், வால்வு லேசாகத் திறந்தே நிற்கும், காற்று பேரல் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். இதில் எந்தப் பாகமும் கெடவில்லை. காக் செய்து, சேஃப்டியைப் போட்டு, பிறகு டேங்கை மாட்டினால் சத்தமே வராது.

காக் செய்து, நன்றாக நிரப்பிய டேங்கை மாட்டிய பிறகும் பேரலில் காற்று போனால்தான் கப் சீலைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பிரிக்க அவசரமில்லை. டேங்க் சேரும் வாயில் மார்க்கர் எண்ணெய் இரண்டு மூன்று துளி விட்டு, பாதுகாப்பான திசையில் பெயின்ட் இல்லாமல் சில முறை சுட்டுப் பாருங்கள். சீலின் முகத்தில் ஒட்டிய மணல் துகள் அதிலேயே அடித்துக்கொண்டு போவது உண்டு.

தம்பியின் வால்வுக்கு வருவோம். அது திரும்பவில்லை என்று கட்டிங் பிளேயரால் கவ்வித் திருகியிருந்தார். உடம்பைச் சுற்றிலும் பல்தடம். ஓ ரிங்கை எடுக்க சின்ன ஸ்க்ரூ டிரைவரின் முனையை விட்டு நெம்பியதில், அது உட்காரும் காடியில் குறுக்காக ஒரு கீறல். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும், தலைமுடி அகலம்கூட இருக்காது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். 800 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 800 பவுண்டு) அழுத்தக் காற்றுக்கு அந்தக் கீறல் ஒரு வாய்க்கால். எத்தனை புது ஓ ரிங் போட்டாலும் அதற்கு அடியில் புகுந்து போய்விடும். அவரும் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். வந்தபோது இல்லாத கசிவை அவரே உண்டாக்கி, அதை அடைக்க ஓ ரிங் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கியிருக்கிறார். கடைசியில் முழு வால்வையும் மாற்ற வேண்டியதாயிற்று. நம் ஊரில் அந்தப் பாகம் அலமாரியில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், பாகத்தின் விலையைவிடக் கூரியர் செலவு அதிகம்.

ஓ ரிங்கை எடுக்க இரும்பே வேண்டாம். இரண்டு விரலால் இரு பக்கமும் அழுத்தித் தள்ளினால் ஓரிடத்தில் வளைந்து எழும்பும். அதற்குக் கீழே பல் குத்தும் குச்சியை விட்டுத் தூக்குங்கள். குச்சி உடைந்தால் உடையட்டும்.

டேங்க் மரையில் டெஃப்லான் டேப்

சுற்றாதீர்கள். அங்கே காற்றை அடைப்பது மரை இல்லை, டேங்க் முகத்தில் இருக்கும் ஓ ரிங். டேப் துணுக்கு வால்வுக்குள் போனால் உங்களுக்கு இரண்டாவது கசிவு தயார்.

கைக்குக் கிடைத்த ஓ ரிங்கை மாட்டுவது

டேங்க் ஓ ரிங்கின் அளவு 015. 'குழாய் ரிப்பேர் கடையில் அதே சைஸ் கிடைத்தது' என்று கறுப்பு நைட்ரைல் ரிங்கை வாங்கி வருகிறார்கள். அளவு சரிதான், ஆள்தான் வேறு. கார்பன் டை ஆக்சைடு பட்டால் நைட்ரைல் ஊதிப் போகும், பிறகு பிய்ந்துவிடும். 90 டியூரோமீட்டர் கடினம் உள்ள யூரித்தேன் ரிங் வேண்டும். விலை அற்பம், பத்துப் பதினைந்தாக வாங்கி டப்பாவில் போட்டு வையுங்கள்.

நல்ல ரிங்கும் அடிக்கடி பிய்ந்தால் நீங்கள் டேங்கைக் கழற்றும் விதத்தைப் பாருங்கள். அழுத்தம் இருக்கும்போதே ஒரே மூச்சில் திருகி எடுத்தால் ரிங் வெளியே பிதுங்கி அறுபடும். முக்கால் சுற்று பின்னால் திருகி நிறுத்துங்கள். டேங்க் வால்வின் ஊசி மூடிக்கொள்ளும். மிச்சக் காற்றைச் சுட்டுத் தீர்த்துவிட்டு மீதியைத் திருகுங்கள்.

டபிள்யூ.டி.-40 ஸ்பிரேயை எண்ணெயாக அடிப்பது

வேண்டாம்.

பர்ஸ்ட் டிஸ்க் வெடித்தால் தடிமனானதைப் போடுவது

கார்பன் டை ஆக்சைடு டேங்கை சித்திரை வெயிலில் கார் டிக்கியில் விட்டுவிட்டு, 'டேங்க் கசிந்து காலியாகிவிட்டது' என்று வருவார்கள். 21 டிகிரியில் சுமார் 850 பி.எஸ்.ஐ. இருக்கும் அந்த வாயு, 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே நிற்காது. அளவுக்கு மேல் நிரப்பிய டேங்காக இருந்தால் அழுத்தம் எகிறும். அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வாயுவை வெளியே விடும் மெல்லிய தகடுதான் பர்ஸ்ட் டிஸ்க். அது கிழிந்துதான் டேங்கைக் காப்பாற்றியிருக்கிறது. அதே அளவு டிஸ்க்கை, விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

ஹெச்.பி.ஏ. (உயர் அழுத்தக் காற்று) டேங்கில், ரெகுலேட்டரைத் தாண்டிய குறைந்த அழுத்தப் பக்கத்து டிஸ்க் போயிருந்தால் கதை வேறு. அது 1,800 பி.எஸ்.ஐ. டிஸ்க். ரெகுலேட்டர் வெளியே விடவேண்டியதோ 800 சொச்சம்தான். அந்த டிஸ்க் கிழிகிறது என்றால் ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை என்று பொருள். வெறும் டிஸ்க்கை மாற்றினால் மறுபடி கிழியும்.

டேங்க் வால்வின் மீது ஸ்பேனர் வைப்பது

வால்வும் சிலிண்டரும் சேரும் கழுத்தில் நுரை பொங்கினால் அதை இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. அமெரிக்காவில் கார்பன் டை ஆக்சைடு டேங்கின் வால்வு கழன்று, சிலிண்டர் பறந்து தாக்கி உயிர் போயிருக்கிறது. அங்கே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே எச்சரிக்கை விட்டது.

இந்த ஆபத்து ரிப்பேர் மேசையில் மட்டும் இல்லை. மார்க்கரிலிருந்து டேங்கைத் திருகும்போது, மார்க்கரிலேயே ஒட்டி நின்றுவிடும் வால்வை விட்டுவிட்டு சிலிண்டர் மட்டும் தனியாகச் சுழலலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் வால்விலிருந்து சிலிண்டர் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். டேங்கைத் திருகும்போது கோட்டின் இரண்டு பாதியும் சேர்ந்தே சுற்ற வேண்டும். கோடு உடைந்து விலகினால் அந்த நொடியே கையை நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் திருகிச் சரிசெய்யப் பார்க்காமல், மார்க்கரை டேங்கோடு அப்படியே ஆள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, டேங்க் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.