கார் ஏர் ஃபில்டரை நீங்களே மாற்றலாம், ஆனால் மூடியைக் கவனியுங்கள்

எங்கள் பக்கம் ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் தேரி மண், அதாவது மேடு மேடாகக் கிடக்கும் செம்மணல், ரோட்டுக்கே வந்துவிடும். குதிரைமொழி, சாத்தான்குளம் வழியாக ஓட்டியவர்களுக்குத் தெரியும், கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு வந்தாலும் டேஷ்போர்டில் விரலால் பெயர் எழுதலாம். நமக்காவது கண்ணாடி இருக்கிறது. எஞ்சினுக்கு வேறு வழியில்லை, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும், அந்தக் காற்றோடு வரும் மண்ணைப் பிடித்து நிறுத்துவது மடித்து வைத்த ஒரு காகிதம் மட்டுமே. அதுதான் ஏர் ஃபில்டர். சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், மாற்றுவதற்குக் கால் மணி நேரம் போதும், இதற்காக வண்டியை ஒரு நாள் முழுக்க வொர்க்‌ஷாப்பில் போட வேண்டியதில்லை.

முதலில் ஒரு விஷயம். கடையில் வெறுமனே "ஃபில்டர்" என்று கேட்டால் ஏசி ஃபில்டரைக் கொடுத்துவிடுவார்கள். அது பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது, நம் மூக்குக்கானது. நமக்கு வேண்டியது பானெட்டுக்குள் இருப்பது. வண்டியின் மாடல், வருஷம், பெட்ரோலா டீசலா, எல்லாம் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் பழையதையே கையில் கொண்டுபோய் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே பெயரில் வரும் வண்டிக்கே எஞ்சின் மாறினால் ஃபில்டரும் மாறும்.

எது வாங்கலாம்? கம்பெனி ஒரிஜினல் அல்லது பாஷ், ப்யூரோலேட்டர் மாதிரி பெயருள்ளது எதுவானாலும் சரி, ஆனால் தெரிந்த கடையில் வாங்குங்கள், டூப்ளிகேட் நிறைய நடமாடுகிறது. கழுவிக் கழுவிப் போடும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் எனக்குப் பிடிக்காது. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்குச் சரி. எண்ணெய் கொஞ்சம் கூடிப்போனால் அது பறந்துபோய், எஞ்சினுக்குப் போகும் காற்றை அளக்கிற ஏர் ஃப்ளோ சென்சாரில் படியும், அப்புறம் அது தனிச் செலவு.

கருவி என்று பார்த்தால் ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு 10 எம்எம் சாக்கெட், ஒரு ஈரத்துணி. ஸ்க்ரூடிரைவர் நீளமானதாகவும் முனையில் காந்தம் உள்ளதாகவும் இருக்கட்டும், நான் வைத்திருப்பது டபாரியா கம்பெனியுடையது. பேட்டரி டிரில்லைக் கொண்டுவந்து முறுக்காதீர்கள். ஸ்க்ரூ இறங்குவது பிளாஸ்டிக்கில், ஒரு தடவை மரை போனால் போனதுதான்.

எஞ்சின் ஆறிய பிறகு பானெட்டைத் திறங்கள். முன் கிரில் பக்கத்திலிருந்து ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாய் கிளம்பி ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போகும், அந்தப் பெட்டிதான். சில வண்டிகளில் கிளிப், சிலவற்றில் ஸ்க்ரூ, சிலவற்றில் இரண்டும். திறப்பதற்கு முன்னால் மூடியின் மேலும் இடுக்கிலும் இருக்கிற மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் திறந்தால் அவ்வளவு மண்ணும் உள்ளேதான் கொட்டும்.

கிளிப்பை விரலால் நெம்பினால் வந்துவிடும். மூடியை அப்படியே மேலே இழுக்காதீர்கள். அதோடு ஒரு ரப்பர் குழாயும் ஒரு சென்சார் ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபில்டரை உருவுகிற அளவுக்கு மூடி எழும்பினால் போதும், ஒயரைத் தொடவே வேண்டாம். இடம் பற்றவில்லை என்றால் அந்த ரப்பர் குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும் வளையத்தை (ஹோஸ் கிளாம்ப்) தளர்த்துங்கள். சாவி ஆனில் இருக்கும்போது சென்சார் பிளக்கைக் கழற்றாதீர்கள், செக் எஞ்சின் விளக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஃபில்டரை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போனில் ஒரு படம். இப்போது பெட்டிக்குள் பாருங்கள். அடிப் பாதியில் காய்ந்த வேப்பிலை, பூச்சி, செம்மண் எல்லாம் இருக்கும், அது இருக்க வேண்டிய இடம்தான். வண்டி வாரக்கணக்கில் நிற்கிற வீடுகளில் எலி நிலக்கடலைத் தோலைக் கொண்டுவந்து சேர்த்து வைத்திருக்கும். அதையெல்லாம் கையால் அள்ளிவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள், வாக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. ஏர் கன்னைப் பெட்டிக்குள் விட்டு அடிக்கவே கூடாது, அந்த மண் நேரே எஞ்சின் பக்கம் போகும். பெட்டியின் அடியில் மழைத் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை சில வண்டிகளில் உண்டு, அது அடைத்திருந்தால் குத்திவிடுங்கள்.

இனி மூடியின் உள்பக்கம், அதாவது ஃபில்டரைத் தாண்டிக் காற்று போகும் பக்கம். அங்கே ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் நிம்மதி. செம்மண் ஒட்டினால், முக்கியமாக ஒரு மூலையிலிருந்து வாலைப் போல மெல்லிய கோடாக மண் படிந்திருந்தால், அந்த மூலை வழியாக வடிகட்டாத காற்று போயிருக்கிறது என்று அர்த்தம். சர்வீஸிலிருந்து வந்த என் வண்டியில் நான் பார்த்தது இதைத்தான். பில்லில் புது ஃபில்டர், பெட்டியில் புது ஃபில்டர், ஆனால் மூடியின் பின்பக்கம் சரியாக உட்காரவில்லை.

அதனால் இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் கிளிப் இருப்பது முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும், அவை கீழ்ப்பாதியில் உள்ள பொந்துகளுக்குள் நுழைய வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத பக்கம், கை போகாத பக்கம். நாக்கு நுழையாவிட்டாலும் முன்பக்கக் கிளிப் "டக்" என்று பூட்டிக்கொள்ளும், பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பின்னால் ஒரு அட்டை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று சுலபமான வழியைத்தான் பிடிக்கும், காகிதம் எதற்கு, இடைவெளி இருக்கும்போது?

சரியான முறை இது. ஃபில்டரின் விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை அதன் பள்ளத்தில் வைத்து, சுற்றிலும் விரலை ஓட்டி அமுக்குங்கள், எங்கும் மடங்கியிருக்கக் கூடாது. மூடியை முன்பக்கம் தூக்கிச் சாய்த்துப் பிடித்து, முதலில் பின் நாக்குகளைப் பொந்துகளில் நுழைத்துவிடுங்கள். நுழைந்ததா என்று பார்க்க போன் கேமராவைப் பின்னால் நீட்டி வீடியோ எடுங்கள், டார்ச்சோடு. அப்புறம் முன்பக்கத்தை இறக்குங்கள். மூடி தானாகவே மட்டமாக உட்கார வேண்டும். அழுத்தினால்தான் உட்காருகிறது என்றால் எங்கோ இடிக்கிறது, மறுபடி எடுங்கள். ஸ்க்ரூ வகை என்றால் எல்லாவற்றையும் கையால் பாதி முறுக்கிவிட்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக இறுக்குங்கள். கடைசியாக ஸ்டார்ட் செய்து, பெட்டிப் பக்கம் "உஸ்" சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

எப்போது மாற்றுவது? பல வண்டிகளின் மேனுவலில் 30,000 அல்லது 40,000 கி.மீ. என்று இருக்கும், கூடவே தூசி அதிகமுள்ள சாலைக்கு என்று தனிக் கணக்கும் இருக்கும். தேரிக்காட்டுப் பக்கமோ கல்குவாரி லாரி ஓடும் ரோட்டிலோ இருக்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது கணக்குதான். நிறம் பழுப்பாகிவிட்டது என்பதற்காகத் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், மடிப்புகளுக்கிடையே பாதிக்கு மேல் வெளிச்சம் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். எண்ணெயோ ஈரமோ பட்டிருந்தாலும் காகிதம் கிழிந்திருந்தாலும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பின் சேர்க்கை: படித்தவர்கள் பலரும் கேட்டது, காற்றடித்துச் சுத்தம் செய்து போடலாமா என்று. தட்டி உதறலாம். காற்றடிப்பதானால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, அழுத்தத்தைக் குறைத்து, தள்ளி நின்று. பங்க்கில் டயருக்கு வைக்கிற வேகத்தில் அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். கையில் பிசுக்கு ஒட்டுகிற எண்ணெய்க் காகித வகையாக இருந்தால் அடிக்கவே வேண்டாம். தண்ணீரில் கழுவுவது எந்தக் காகித ஃபில்டருக்கும் ஆகாது.

இன்னொன்று, மாற்றிய பிறகும் மைலேஜ் கூடவில்லை என்று ஒரு வருத்தம். கூடப்போவதில்லை. 2009இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்தது. இன்றைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜ் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. காற்று குறைந்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலையும் குறைத்துவிடும். கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசடர் காலத்துக் கதை வேறு.

டீசல்காரர்களுக்கு: முறை இதேதான், ஆனால் மூடி விஷயத்தில் இன்னும் கறாராக இருங்கள். உங்கள் பெட்டியிலிருந்து கிளம்பும் குழாய் நேராக, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவுக்குப் போகிறது, அதற்குள் சுற்றுகிற விசிறிக்கு மணல் ஆகவே ஆகாது.