வலிப்பு மாத்திரையைக் குறைக்கும்போது வீட்டில் செய்ய வேண்டியவை

என் மகளுக்குப் பெருமூளை வாதம். ஒன்பது வயது, பேச்சு வராது. மூன்று வலிப்பு மருந்துகளில் குளோபசாமை மட்டும் மெல்ல நிறுத்தலாம் என்று நரம்பியல் டாக்டர் சொன்னார். அவர் தந்த அட்டவணை அரைப் பக்கம்தான். அதை வைத்து வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் எழுதுகிறேன். அளவும் வேகமும் உங்கள் பிள்ளைக்கு உங்கள் டாக்டர் எழுதித் தருவதுதான்.

குளோபசாம், பெனோபார்பிட்டோன் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வரலாம். "நாட்டு மருந்து தொடங்கியாச்சு, இங்கிலீஷ் மாத்திரை எதுக்கு?" என்று ஆச்சியே கேட்டாலும் அசையாதீர்கள்.

தீபாவளி வெடி, கோயில் கொடை, வெளியூர்ப் பயணம், ஆபரேஷன் எதுவும் பக்கத்தில் இல்லாத காலமாகப் பார்த்துத் தொடங்குங்கள். தூக்கம் கெட்டாலும் காய்ச்சல் வந்தாலும் வலிப்பு எட்டிப் பார்க்கும். நாங்கள் பொங்கல் கழிந்து தொடங்கினோம். அந்த மாதங்களில் புதுப் பள்ளி, புது உணவுமுறை என்று வேறு எதையும் மாற்றாதீர்கள். ஏதாவது ஆனால், எதனால் ஆனது என்று தெரிய வேண்டும்.

முதல் குறைப்புக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள். தூக்கம், வலிப்பு வந்த நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, சாப்பாடு, மலம், அழுகை, காய்ச்சல் எல்லாம் அதில் ஏற வேண்டும். சந்தேகமான அசைவுகளை போனில் வீடியோ எடுங்கள். டாக்டருக்கு நாம் வாயால் விளக்குவதைவிட அது உதவும்.

பேசாத பிள்ளையிடம் அறிகுறிகளைப் படிப்பதுதான் பெரிய வேலை. அளவு குறைந்த சில நாட்களில் தூக்கம் சுருங்கலாம். இரவு இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு விடிய விடிய அழுவாள். கை நடுங்கும், வியர்க்கும். தூத்துக்குடியில் பகல் வியர்வையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அதனால் விடியற்காலையில் கழுத்தைத் தொட்டுப் பார்ப்போம். குளோபசாம் தசையையும் தளர்த்தும் மருந்து. அது குறையும்போது தொடை இறுகும், காலை நேராகப் பிடிக்க மாட்டும் ஸ்ப்ளிண்ட்டுக்குள் குதிகால் இறங்காது. பிசியோதெரபிஸ்ட்டிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயிற்சியை அதற்கேற்ப மாற்றுவார். நடுக்கமா, வலிப்பா என்று குழம்பினால் அந்தக் கையை மென்மையாகப் பிடித்துப் பாருங்கள். நடுக்கம் பெரும்பாலும் அடங்கும். வலிப்பின் வெட்டு உங்கள் பிடிக்குள்ளும் தொடரும்.

எல்லா அழுகையையும் மாத்திரை மேல் போடாதீர்கள். காது, பல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று இவற்றையும் பாருங்கள். நல்ல மாற்றங்களையும் எழுதுங்கள். எங்கள் மகளுக்கு எச்சில் வடிவது குறைந்து, கழுத்துத் துணி மதியம்வரை காய்ந்தே இருந்தது. கூப்பிட்டதும் முகம் பார்த்தாள். தூக்கமில்லாத இரவுகளில் அந்தப் பக்கங்களைத்தான் நானும் மனைவியும் திரும்பத் திரும்பப் படித்தோம். இரவு முறையை இருவரும் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருவராவது தூங்கியிருக்க வேண்டும்.

வலிப்பு கூடினால் டாக்டர் மேலும் குறைக்காமல் அதே அளவைத் தொடரச் சொல்வார், அல்லது முந்தைய அளவுக்குத் திரும்பச் சொல்வார். மூளைப் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு மருந்து குறையும்போது வலிப்பு திரும்பும் வாய்ப்பு அதிகம், அதனால் அவசரப்படுத்தாதீர்கள். கடைசிக் கால் மாத்திரைதான் பல வீடுகளில் கஷ்டம். மற்ற வலிப்பு மருந்துகளை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். மெல்லக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவும் கூடாது. சளி சிரப், ஆன்டிபயாடிக் எழுதும் எந்த டாக்டரிடமும் முதலில் வலிப்பைச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில மருந்துகள் வலிப்பைத் தூண்டக்கூடும்.

வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரேயை, எடைக்கேற்ற அளவோடு, தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம், கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ டாக்டர் சொன்னபடி ஸ்ப்ரே கொடுத்து 108-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறினால் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை முழுதாக நின்ற பிறகும் நோட்டை மூடாதீர்கள். திரும்பி வரும் வலிப்பு பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வருகிறது. ஸ்ப்ரேயின் காலாவதித் தேதியைப் பார்த்து, பள்ளிப் பையில் ஒன்று, வீட்டில் ஒன்று வைத்திருங்கள்.