மாட்டிய பாகம் எண்ணெயை மிச்சப்படுத்துகிறதா? அளந்து பார்க்கும் முறை

ஓப்பன் ஏர் பில்டர் (மூடிய பெட்டி இல்லாத காற்று வடிகட்டி), எண்ணெய்க் (பெட்ரோல்) குழாயில் மாட்டும் காந்தம், பேட்டரியில் பொருத்தும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் எல்லாவற்றையும் ‘பவர் கூடும், எண்ணெய் மிச்சமாகும்’ என்றுதான் விற்கிறார்கள். சொந்தக் காரில் அளந்து பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

1. முதலில் டயர். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் சூடேறுமுன் காற்று அடியுங்கள். பாகம் மாட்டும் அன்றைக்குப் பட்டறையில் காற்றும் அடித்துவிட்டால், காற்றால் மிச்சமான எண்ணெய் பாகத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். தள்ளிப்போட்ட சர்வீஸையும் முன்பே முடித்துவிடுங்கள்.

2. தூரம் போதுமானதாக இருக்க வேண்டும். கோலாலம்பூர் ஜாலான் டூத்தா டோலிலிருந்து ஈப்போ போய்த் திரும்பினால் சுமார் 400 கி.மீ. பினாங்குக்காரர்களுக்கு ஜூரு–ஈப்போ சரிப்படும். அதிகாலையில் கிளம்பி, 90 கி.மீ. வேகத்தை விடாமல் பிடியுங்கள். ஏர்கோன் அளவும் காரில் ஏறும் ஆட்களும் மாறக் கூடாது.

3. எண்ணெய் ஊற்றுவதில்தான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. ஒரே நிலையம், ஒரே பம்ப், காரை ஒரே பக்கம் பார்த்து நிறுத்துங்கள். பம்ப் முதல் தடவை ‘டக்’கென்று நின்றதும் கையை எடுத்துவிடுங்கள், வெள்ளிக் கணக்கு முழுசாக வரட்டும் என்று மறுபடி அழுத்தாதீர்கள். 400 கி.மீ.க்கு 25 லிட்டர் என்றால் லிட்டருக்கு 16 கி.மீ. ஒரு லிட்டர் கூடுதலாக இறங்கினால் அது 15.4 ஆகிவிடும். கடைக்காரர் சொல்லும் மிச்சமே பல நேரம் அவ்வளவுதான்!

4. பாகம் இல்லாமல், மாட்டி, மறுபடி கழற்றி என்று மூன்று முறை ஓட்டுங்கள். கழற்றிய பிறகும் மாட்டியபோது வந்த அதே அளவு வந்தால் பாகம் ஒன்றும் செய்யவில்லை.

5. டயர் அளவை மாற்றியிருந்தால் மீட்டர் பொய் சொல்லும். 175/65R14-லிருந்து 195/55R15-க்குப் போனால் டயர் சுமார் 2% பெரிதாகிறது. மீட்டர் 100 காட்டும்போது கார் 102 ஓடியிருக்கும்.

பில்டர் ஏன் மிச்சப்படுத்துவதில்லை? நிதானமாக ஓடும்போது காற்றைத் தடுத்து வைப்பது த்ராட்டில்தான் (எண்ணெய் மிதியை அழுத்தினால் திறக்கும் காற்று வால்வு), பில்டர் அல்ல. காற்று கூடினாலும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலையும் கூட்டி, காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்ற எடை விகிதத்துக்கே கொண்டுவந்துவிடும். ஓப்பன் பில்டரில் இன்னொரு கெடுதலும் உண்டு: ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அது இழுப்பது பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்று. 10 டிகிரி சூடு கூடினால் காற்றின் அடர்த்தி சுமார் 3% குறையும். பவரும் கூடவே இறங்கும்.

பவரை அளக்க டைனோதான் வழி, அதாவது காரை உருளைகள் மேல் ஓட்டி பவரை அளக்கும் இயந்திரம். ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில், மாட்டுவதற்கு முன் மூன்று ஓட்டம், பின் மூன்று ஓட்டம். ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் வித்தியாசத்தைவிடக் குறைவான ‘லாபம்’ லாபமே இல்லை. டர்போ காரில் ரீமேப் செய்தால் (ஈசியூ நிரலை மாற்றினால்) பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், ஏறுவதால் பவர் உண்மையிலேயே கூடும். ஆனால் ரோன் 97 பெட்ரோல் ஊற்றச் சொல்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். அதற்கு மானியம் கிடையாது.