கட்டளைக் காலத்தில் வீட்டோடு சேர்ந்து நடக்கத் தொடங்குவது எப்படி?

வழக்கு முடிந்து, மறியலுக்குப் போகாமல், நன்னடத்தைக் கட்டளையோடோ (உத்தியோகத்தரின் கண்காணிப்பில் இருப்பது) சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையோடோ (மறியலுக்குப் பதிலாகச் சமூக வேலை செய்வது) வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும்தான், உடற்பயிற்சியாக நடப்பதைப் பற்றிய இந்தப் பதிவு. ஏற்கெனவே தலைக்குமேல் நிறைய இருக்கும். கையெழுத்து வைக்கப் போக வேண்டும், சம்பளமில்லாத சமூக வேலைக்குப் போக வேண்டும், சிலர் உளவளத்துணைக்கும் போக வேண்டும். இதோடு உடற்பயிற்சியும் இன்னொரு நிபந்தனையாகிவிட்டால் இரண்டு கிழமைகூட நிலைக்காது. அதனால் இதை அலுவலகத்துக்குக் காட்டச் செய்யாமல் வீட்டுக்காகச் செய்யுங்கள். எனக்கு இதில் இருக்கிற ஒரே பிடிவாதம் அதுதான்.

முதல் படி: கட்டளைத் தாளை எடுத்து வாசியுங்கள்

சப்பாத்து பிறகு வாங்கலாம். உங்களுடையது இலங்கையின் 1944 ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் வந்ததா, 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் வந்ததா என்று பாருங்கள். முன்னையதை மாகாணத் திணைக்களம் பார்க்கிறது, பின்னையது மத்திய அரசின் திணைக்களம், ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய உத்தியோகத்தரும் வேறு. யாரோடு சேரக்கூடாது, எங்கே போகக்கூடாது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா? ஊர் மைதானத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் பந்தடிக்கிற இடத்துக்குப் பக்கத்து மதிலில்தான் பழைய கூட்டாளிகளும் குந்தியிருப்பார்கள். சந்தேகம் என்றால் அடுத்த முறை போகும்போது உத்தியோகத்தரிடம் நேரடியாகக் கேளுங்கள், அதற்காக யாரும் கோபிக்கப் போவதில்லை.

இன்னொன்று. உங்களுக்கு எதிராக 2005 ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை இருந்தால், கீழே குடும்பத்தைப் பற்றி எழுதியிருப்பது இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. தனியே நடவுங்கள். பிள்ளையைப் பார்க்கிற சாட்டில் அந்த ஒழுங்கைப் பக்கம் நடக்கப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: உடம்பைக் காட்டுங்கள்

பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் பிரஷரும் சீனியும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், நாற்பது தாண்டியவர்கள் முக்கியமாக. நெஞ்சு நோவு, தலைச்சுற்று வந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள். கடுமையாகக் குடித்துவந்தவர்கள், 'நாளையிலிருந்து ஓட்டம், இன்றோடு குடி சரி' என்று ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம் மட்டுமல்ல, வலிப்புக்கூட வரலாம். அதை வைத்தியரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். போதைப் பழக்கத்தை விட்டு வந்தவர்களுக்கு முதல் நாட்களில் நித்திரை சரியாக வராது, ஆசையும் அடிக்கடி கிளம்பும். அந்த நேரத்தில் எழும்பி ஒரு சுற்று வேகமாக நடந்தால் அது சற்றுத் தணிவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மருந்துக்குப் பதில் அல்ல, ஆனாலும் கையில் இருக்கிற ஒரு வழி.

மூன்றாம் படி: பத்து நிமிடம்

பின்னேரத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் நடவுங்கள், கிழமையில் ஐந்து நாள். ஒவ்வொரு கிழமையும் ஐந்து நிமிடம் கூட்டினால் ஐந்தாம் கிழமையில் அரை மணித்தியாலம் ஆகிவிடும், அதாவது கிழமைக்கு 150 நிமிடம். வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது அவ்வளவு வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வேகம் போதுமா என்று பார்க்க மணிக்கூடு தேவையில்லை: நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது.

கிழமையில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புவது பத்துத் தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்துத் தடவை, சற்று ஆறிவிட்டு இன்னொரு முறை. அன்றைக்குச் சமூக வேலையில் புல்லுச் செருக்கி, மண் அள்ளி வந்திருந்தால் விடுங்கள். அதுவும் உடம்புக்குக் கணக்குத்தான்.

நான்காம் படி: வீட்டுக்காரர்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மனுசி அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டு நிற்க, நீங்கள் பெனியனோடு உலாத்திவிட்டு வந்து 'குடும்ப நலம்' என்றால் அவர் சிரிக்கமாட்டார். வழக்குச் செலவு, வக்கீல் காசு, ஊர்க்கதை எல்லாவற்றையும் உங்களோடு சேர்ந்து சுமந்தவர் அவர். முதலில் தேங்காயைத் திருவிக் கொடுங்கள், கிணற்றடி வேலையில் பாதியை எடுங்கள், அப்புறம் 'நீரும் வாருமன்' என்று கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துக் கேட்டுப் பாருங்கள். நடக்கும்போது வழக்கைப் பற்றிக் கதைப்பதில்லை என்று ஒரு ஒப்பந்தம் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் ஓடியாடுவது தேவை. அவர்களை நடக்கக் கூப்பிட்டால் அலுத்துவிடுவார்கள், வளவில் கோடு கீறிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் கிளித்தட்டு மறியுங்கள். அப்பா வியர்த்து மூச்சு வாங்கித் தோற்பதைப் பார்க்க அவர்களுக்கு நல்ல விருப்பம். அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் திண்ணையிலிருந்து கள்ள ஆட்டம் பிடிக்கிற நடுவர் வேலையைக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே நடப்பது?

சொந்த ஒழுங்கையில் நடந்தால் ஒவ்வொரு படலையிலும் 'வழக்கு என்ன மாதிரி?' என்று கேட்பார்கள். அது கூச்சமாக இருந்தால், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் முதல் மாதம் பின்னேரங்களில் பண்ணைக் கடற்கரைப் பக்கம் போங்கள். நூலகத்தடியில் சைக்கிளை விட்டுவிட்டு, கோட்டையை ஒட்டிக் கடற்காற்றில் நடக்கலாம். அங்கே நடக்கிற சனத்துக்குள் உங்களை யாரும் தனியே கவனிக்கப் போவதில்லை. பங்குனி, சித்திரையில் வெயில் தணிந்த பிறகுதான், தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோங்கள். கொஞ்சம் தைரியம் வந்த பிறகு ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் போய்க் கரப்பந்துக்கு ஆள் குறைகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் குறையும்.

நாள் தவறினால்

கையெழுத்து வைக்கிற நாளில் மனம் எரிச்சலாகவே இருக்கும், வந்தவுடன் ஐந்து நிமிடமாவது நடவுங்கள், அந்த எரிச்சலை வீட்டுக்குள் கொட்டாமல் இருக்க அது உதவும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கோயிலுக்குப் போய் வருகிற நடையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் விறாந்தையும் கதிரையும் சுவரும் போதும். நடந்தும் மனம் இறங்கவில்லை, வாழ்வதே வேண்டாம் போலிருக்கிறது என்றால் 1926 க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது.

உத்தியோகத்தர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து இதற்கு ஒரு வரவுப் பதிவேடு திறக்காதீர்கள். ஒருநாள் பின்னேரம் நீங்களும் கூட நடந்து பாருங்கள், மேசைக்கு முன்னால் வராத கதை நடையில் தானாக வரும்.