முதல் பாய்மரக் கப்பல் மாடல்: பசையைத் திறக்கும் முன்பே கயிறைப் பற்றி யோசியுங்கள்

பிளாஸ்டிக் பாய்மரக் கப்பல் கிட் வாங்குகிறவர்களில் பலர் பாதியில் நிறுத்துவது கயிறு கட்டும் இடத்தில்தான். உடல் ஒட்டியாச்சு, பெயிண்ட் அடிச்சாச்சு, பாய்மரங்களும் நட்டாச்சு. அப்புறம் அந்த ரிக்கிங் தாளை, அதாவது கயிறு கட்டும் வரைபடத்தை, விரித்துப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனை கோடுகள், எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. பெட்டி பரணுக்குப் போய்விடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கயிறு எங்கே கட்டப்படும், அந்த இடம் இழுப்பைத் தாங்குமா என்ற யோசனை கப்பலை ஒட்டி முடித்த பிறகுதான் வருகிறது. அதை முதல் நாளே யோசித்துவிட்டால் ரிக்கிங் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமான வேலை இல்லை.

கட்டி சார்க் (Cutty Sark) என்ற கப்பலை வைத்தே சொல்கிறேன். 1869-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட தேயிலைக் கப்பல், மூன்று பாய்மரம், இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை. முதல் கப்பலாக இதைச் சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இது சரக்குக் கப்பல். எச்எம்எஸ் விக்டரி என்ற போர்க்கப்பல் மாதிரி 104 பீரங்கிக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போக வேண்டியதில்லை. இரண்டாவது, நிஜக் கப்பலே லண்டன் க்ரீனிச்சில் நிற்கிறது. 2007-ல் தீ விபத்து நடந்தபோது பாய்மரங்களும் கயிறுகளும் பராமரிப்புக்காகக் கழற்றி வேறிடத்தில் இருந்ததால் தப்பித்தன, 2012-ல் மறுபடி திறந்தார்கள். அதனால் கிட்டின் வரைபடத்தில் ஒரு கோடு புரியவில்லை என்றால் அந்த மூலையின் புகைப்படத்தைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சின்னதாக வாங்கினால் சுலபம் என்று தோன்றும், ஆனால் நேர்மாறு. 1/220 போன்ற அளவில், அதாவது நிஜக் கப்பலில் 220-ல் ஒரு பங்காக இருந்தால், கயிறு தலைமுடி கனத்துக்கு வந்துவிடும், முடிச்சு போட்டால் முடிச்சே கயிறைவிட ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும். ரெவெல் நிறுவனத்தின் 1/96 கப்பல் அழகு, ஆனால் ஒரு மேசையையே பிடித்துக்கொள்ளும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் போட்ட 1/130 நடுவாந்திரம். நிஜத்தில் முன் நீட்டுமரத்தோடு சேர்த்து சுமார் 85 மீட்டர் நீளக் கப்பல் அதில் 65 சென்டிமீட்டராக வருகிறது, விரலும் உள்ளே போகும், வீட்டிலும் இடம் இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். பெட்டியைத் திறந்ததும் பாகங்களை அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டாதீர்கள். முதலில் ரிக்கிங் வரைபடத்தை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு, ஒன்றில் நிலையாக நிற்கும் கயிறுகளைக் கருப்பிலும், இழுத்து விடும் கயிறுகளைப் பழுப்பிலும் வண்ணப் பென்சிலால் தடவுங்கள். நிலையான கயிறு என்பது பாய்மரத்தை நேராகப் பிடித்து நிறுத்துவது: பக்கவாட்டில் இறங்கும் ஷ்ரவுட், முன்னோக்கி இறங்கும் ஸ்டே, பின்பக்கம் இறங்கும் பேக்ஸ்டே. நீர் ஏறாமல் இருக்கத் தார் பூசுவார்கள், அதனால் கருப்பு. பாய் தொங்கும் குறுக்குமரத்தையும் பாயையும் ஏற்ற, இறக்க, திருப்ப உதவும் கயிறுகள் இரண்டாவது வகை, அவை சணல் நிறத்திலேயே இருக்கும். நகலில் இந்த இரண்டும் பிரிந்ததுமே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அடுத்து ஒவ்வொரு கயிறும் தளத்தில் எந்த இடத்தில் வந்து முடிகிறது என்று புள்ளி வைத்துக்கொண்டே போங்கள். அந்தப் புள்ளிகள்தான் உங்கள் முதல் வேலை.

ஏனென்றால் கிட்டில் வரும் பிளாஸ்டிக் முளைகள் கயிறு கட்டத் தகுதியானவை இல்லை. தளத்தின் ஓரத்திலும் பாய்மரத்தின் அடியிலும் வரிசையாக நிற்கிற அந்த முளைகளில் நூலைச் சுற்றி லேசாக இழுத்தாலே உடைந்துவிடும், அதுவும் பக்கத்தில் பத்துக் கயிறு கட்டி முடித்த பிறகு உடையும். எனவே கையில் பிடித்துச் சுழற்றும் சின்னத் துளைப்பானில் 0.5 மில்லிமீட்டர் பிட் மாட்டி, முளை இருக்கும் இடத்தில் துளையிட்டு, அதே தடிமனில் பித்தளைக் கம்பியை வெட்டிச் செருகுங்கள். கொக்கி வளையம் வேண்டிய இடத்துக்கு, மெல்லிய செம்புக் கம்பியை ஒரு பிட்டைச் சுற்றி வளைத்து இரண்டு முனையையும் முறுக்கினால் வளையம் ரெடி. அதைத் துளையில் விட்டு, தளத்துக்கு அடியில் வால்களைப் பிரித்து மடக்கி, அங்கே ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. இப்படி மாட்டிய வளையம் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் வராது. தளத்துக்கு அடியில் கை போகும் நேரம் இது ஒன்றுதான், உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துத் தளத்தை ஒட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

உடல் ஒட்டுவதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள், தண்ணீர் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்டைத் தூரிகையால் இணைப்பில் ஓடவிடுங்கள், ரப்பர் பேண்டும் டேப்பும் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். இடைவெளியைப் புட்டி வைத்து அடைத்து உப்புத்தாளால் தேயுங்கள். உடலின் உள்ளே குறுக்காக, மீந்த பிளாஸ்டிக் சட்டத் துண்டுகள் சிலவற்றை ஒட்டி வைத்தால் பக்கங்கள் உள்வாங்காது.

பாய்மரங்கள் அப்படியில்லை, அவற்றுக்கு நேரம் கொடுங்கள். கிட்டின் மரங்கள் மெல்லிய பிளாஸ்டிக். ஒரு பக்கம் ஸ்டே இழுத்ததும் உச்சி வில்லாக வளையும், அதைச் சரிசெய்ய மறுபக்கம் இழுத்தால் முதலில் கட்டியது தொய்யும், இது முடிவே இல்லாத வேலை. இரண்டு பாதியாக வரும் கீழ் மரத்தை ஒட்டும்போது உள்ளே ஒரு இரும்புக் கம்பியோ பழைய ஸ்வெட்டர் ஊசியோ வைத்து எபாக்சியால் நிறைத்துவிடுங்கள். மேல் மரத்தின் மெல்லிய பகுதிக்குப் பதில் மூங்கில் குச்சியைத் தேய்த்து வைத்தால் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு விறைப்பாக இருக்கும், பெயிண்ட் அடித்த பின் யாருக்கும் தெரியாது. மூங்கிலையும் கம்பியையும் பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்காது, சூப்பர் க்ளூவோ எபாக்சியோதான்.

பெயிண்ட் வேலை எல்லாம் ரிக்கிங்குக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒரே ஒரு குறிப்பு: நீர்மட்டத்துக்குக் கீழே பளபளவென்று செம்பு நிறம் அடிக்காதீர்கள். கட்டி சார்க்கின் அடிப்பகுதியை மூடியிருப்பது மன்ட்ஸ் உலோகம், சுமார் 60 சதவீதம் செம்பும் 40 சதவீதம் துத்தநாகமும் சேர்ந்த கலவை. சுத்தச் செம்பைவிட மஞ்சள் கூடுதல், பித்தளைப் பக்கம் போகும். செம்பு பெயிண்டில் கொஞ்சம் பித்தளை நிறம் கலந்தால் சரியாக வரும்.

நூல் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கிட்டோடு வருகிற நூல் பிசிறடித்தால் தூக்கிப் போடுங்கள். பருத்தி நூலும் வேண்டாம், நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு மாதம் இறுகும், அடுத்த மாதம் தொய்யும். தையல் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் நூலே போதும், கருப்பு ஒன்று, வெளிர்ப் பழுப்பு ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடிமன். 1/130-க்கு நான் எடுப்பது கீழ் ஷ்ரவுடுக்கு 0.4 மில்லிமீட்டர், மேலே போகப் போக 0.25, இழுகயிறுகளுக்கு 0.15 முதல் 0.2. எல்லாவற்றையும் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்து, விரலால் உருவிவிடுங்கள். பிசிறு அமுங்கும், முடிச்சும் நழுவாது. முடிச்சுக்குச் சூப்பர் க்ளூ வேண்டாம், அது நூலை விறைப்பாக்கிப் பளபளப்பாக்கிவிடும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஊசி நுனியால் தொட்டு வையுங்கள், காய்ந்ததும் கண்ணுக்கே தெரியாது. தப்பாகப் போட்டால் ஈரத்தூரிகையால் நனைத்து அவிழ்க்கவும் முடியும்.

கட்டும் வரிசைக்கு ஒரே விதி, கீழிருந்து மேலே, நடுவிலிருந்து வெளியே. முன்னால் நீட்டியிருக்கும் பௌஸ்ப்ரிட் மரத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிறுகள் முதலில், ஏனென்றால் முன்பக்க ஸ்டேக்கள் எல்லாம் அந்த மரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. அடுத்து மூன்று பாய்மரத்தின் கீழ் ஷ்ரவுடுகள், பிறகு கீழ் ஸ்டேக்கள், அதன்பின் ஒரு அடுக்கு மேலே ஏறி அதே வரிசை. ஷ்ரவுடுகளை நிஜக் கப்பலில் ஜோடி ஜோடியாகத்தான் போடுவார்கள்: ஒரே கயிறை இரண்டாக மடித்து, வளையத்தைப் பாய்மரத்தின் தலையில் மாட்டி, இரண்டு முனையையும் ஒரே பக்கம் இறக்குவார்கள். வலப்பக்க முன்ஜோடி முதலில், அடுத்து இடப்பக்க முன்ஜோடி, இப்படி மாறி மாறி. மாடலிலும் அப்படியே செய்யுங்கள். மரம் ஒரு பக்கம் சாயாமல் இருக்கும் என்பதுதான் இதில் பெரிய லாபம்.

ஷ்ரவுடின் அடியில் டெட்ஐ என்ற வட்டக்கட்டைகள் இரண்டு, நடுவில் மெல்லிய கயிறு ஓடி இறுக்கும். மேல் கட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்காவிட்டால் கப்பல் முழுக்க அழகாக இருந்தும் கண் அங்கேதான் போகும். இதற்கு ஒரு எளிய வழி, கம்பியை ஸ்டேப்ளர் பின் வடிவில் வளைத்து ஒரு காலைக் கீழ்க்கட்டையின் துளையிலும் மற்றதை மேல்கட்டையின் துளையிலும் விட்டுவிட்டு, அப்புறம் மேல்கட்டையைச் சுற்றி ஷ்ரவுடைக் கட்டுங்கள். அதே கம்பியை அடுத்த ஜோடிக்கு மாற்றிக்கொண்டே போனால் எல்லா இடைவெளியும் ஒன்றாக வரும். உங்கள் கிட்டில் இரண்டு கட்டையும் ஒன்றாக வார்த்து வந்திருந்தால் இந்த வேலையே மிச்சம்.

இழுப்பு எவ்வளவு? நூல் நேர்க்கோடாக நின்றால் போதும், வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று நிற்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஜோடி கட்டியதும் கப்பலை நேர் முன்னால் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூன்று மரமும் ஒன்றின் பின் ஒன்றாக மறைகிறதா என்று பாருங்கள். பக்கத்திலிருந்தும் பாருங்கள், மூன்று மரமும் லேசாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். முடிச்சை உடனே வெட்டாமல் முனையில் ஒரு துணி க்ளிப்பைத் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கமும் கட்டிய பிறகு ஒட்டினால் திருத்த இடம் இருக்கும்.

ஷ்ரவுடுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி ஓடுவது ராட்லைன். கிட்டில் தரும் தடித்த பிளாஸ்டிக் ஏணியை ஒட்டினால் அரைமணி நேரத்தில் முடியும், தூரத்திலிருந்து பார்க்க மோசமில்லை. ஆனால் கையால் கட்டிய ராட்லைன்தான் இந்தக் கப்பலுக்கு உயிர் கொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம், ஒரு பாய்மரத்திலாவது முயன்று பாருங்கள். நிஜத்தில் படிகளுக்கு இடையே ஒன்றேகால் அடி இருக்கும், 1/130-ல் அது 3 மில்லிமீட்டர், 1/96-ல் 4. அந்த இடைவெளியில் கோடு போட்ட வெள்ளை அட்டையை ஷ்ரவுடுக்குப் பின்னால் செருகுங்கள். நூலை ஊசியில் கோத்து, ஷ்ரவுடின் முன்னால் கொண்டுபோய்ப் பின்னால் சுற்றி, தன்மேலேயே குறுக்காகக் கடந்து, மறுபடி பின்னால் சுற்றி, அந்தக் குறுக்கின் அடியில் நுழைத்து இழுத்தால் முடிச்சு விழும். அடுத்த ஷ்ரவுட், அதே முடிச்சு. ஓரங்களில் மட்டும் ஃபெவிகால். முடிச்சை இழுக்கும்போது பக்கவாட்டில் இழுக்காமல் உங்களை நோக்கி இழுங்கள், இல்லாவிட்டால் ஷ்ரவுடுகள் நடுவில் ஒடுங்கி உடுக்கை வடிவம் வந்துவிடும். வரிசையாக ஏறாமல் முதலில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது கோடுகளைக் கட்டிவிட்டு இடையில் நிரப்புவது இதைத் தவிர்க்க நல்ல வழி. ஒரு மாலையில் ஒரு பக்கம் போதும், கண் களைத்தால் கை தப்பும்.

குறுக்குமரங்களைக் கப்பலில் மாட்டிய பிறகு அதில் வேலை செய்யப் பார்க்காதீர்கள். கப்பித் துண்டுகள், மாலுமி நிற்கும் கால்கயிறு எல்லாவற்றையும் மேசையிலேயே கட்டி முடித்துவிட்டு மாட்டுங்கள். பின்னால் ஒரு கம்பித்துண்டு செருகி, அதை மரத்தில் போட்ட துளைக்குள் விட்டால் உறுதியாக நிற்கும்.

பாய் வைக்கலாமா என்றால், கிட்டில் வரும் தடித்த பிளாஸ்டிக் பாய்கள் கப்பலைப் பொம்மையாகக் காட்டும், விட்டுவிடுங்கள். ஆனால் பாய் இல்லாவிட்டால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கட்டி சார்க்கில் ஒவ்வொரு மரத்திலும் அடிக் குறுக்குமரமும் அதற்கு மேலுள்ளதும் நிலையானவை. அதற்கும் மேலே இருப்பவை பாய் விரிக்கும்போது ஏற்றி, பாய் சுருட்டியதும் இறக்கப்படுபவை. பாய் இல்லாத மாடலில் அவற்றை உச்சியில் ஏற்றி வைத்தால், விஷயம் தெரிந்தவருக்கு உடனே உறுத்தும். மூன்றாவது குறுக்குமரத்தை இரண்டாவதுக்குச் சற்று மேலேயே இறக்கி வையுங்கள், மேலே உள்ளவற்றையும் அப்படியே. தோற்றமே மாறிவிடும், துறைமுகத்தில் சரக்கு ஏற்ற நிற்கும் கப்பல் போல.

பாய் இல்லாததால் பாயைச் சுருட்டும் கயிறுகளை முதல் கப்பலில் தைரியமாக விட்டுவிடலாம். நிலையான கயிறுகள் எல்லாம், குறுக்குமரத்தின் முனைகளைத் தாங்கும் கயிறு, ஏற்றும் கயிறு, கடைசியாக முனைகளிலிருந்து ஓடிக் குறுக்குமரத்தைத் திருப்ப உதவும் ப்ரேஸ், இவ்வளவு போதும். ப்ரேஸைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு, அவை கப்பலின் வெளிப்பக்கமாக ஓடுவதால் கட்டிய பிறகு உள்ளே விரல் போகாது. கயிறு முளையில் முடியும் இடத்தில் நிஜத்தில் மீதிக் கயிறு சுருளாகத் தொங்கும். இரண்டு குண்டூசியில் நூலைச் சுற்றி, ஃபெவிகால் தண்ணீர் தடவிக் காயவைத்து எடுத்து முளையில் மாட்டுங்கள், அடியில் இருக்கும் முடிச்சும் மறையும்.

கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கொடுப்பதைத் தள்ளிப் போடாதீர்கள், கயிறில் படிந்த தூசியை எடுப்பது கயிறு கட்டுவதைவிடக் கஷ்டம். நீளத்தில் இரண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர், உயரத்தில் 5, அகலத்தை உடலை வைத்து அளக்காமல் மிக நீளமான அடிக் குறுக்குமரத்தின் முனையிலிருந்து முனை வரை அளந்து கொடுங்கள்.