பேச்சின் நடுவே கண்ணீர் வந்தால்

காலபோக (மாரிக்கால) நெல் விதைப்புச் செலவுக்காக அடைவு வைத்த தாலிக்கொடி அறுவடை முடிந்தும் மீளவில்லை என்ற கேள்வியில்தான், வன்னியில் பரந்தனிலும் முத்தையன்கட்டிலும் பல வீடுகளில் பங்குனி மாதச் சண்டை தொடங்குகிறது. மூன்றாவது கேள்வியில் மனைவியின் குரல் உடைகிறது. "நீர் அழுது காரியம் சாதிக்கப் பார்க்கிறீர்" என்று சொல்லிவிட்டுக் கணவர் படலையைத் திறந்து வெளியே போகிறார். வட்டி எவ்வளவு, அடைவுத் துண்டு எங்கே என்பவற்றுக்குப் பதில் இல்லை.

கணவர் முதலில் செய்யவேண்டியது, அதை நீலிக்கண்ணீர் என்று தீர்ப்பளிக்காமல் இருப்பது. கோபத்திலும் இயலாமையிலும் வரும் அழுகை பெரும்பாலும் கேட்டுக்கொண்டு வருவதில்லை; அழுபவர் தன் வாதத்தைக் கைவிட்டுவிட்டார் என்றும் அதற்குப் பொருளில்லை. உடனே "சரி, நீர் சொன்னபடியே செய்வம்" என்று தலையாட்டுவதும் பிழையே, ஏனெனில் அந்தச் சம்மதம் மறுநாள் காலை வரைகூட நிற்பதில்லை.

பேச்சை நிறுத்துங்கள், ஆனால் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மற்றவர் சொல்வது காதில் ஏறாது என்றும், உடல் தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்றும் அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் கூறுகிறார். அந்த நேரத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டலாம், தேத்தண்ணீர் வைக்கலாம். அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் இடைவேளை வீண்.

மனைவி, முடிந்தால், "அழுகை வருது, ஆனா கதைக்க வேண்டியது இன்னும் இருக்கு" என்று ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. கணவரின் மௌனத்தையும் அலட்சியம் என்று எண்ணிவிட வேண்டாம். சிறுவயதில் ஆண் பெண் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே அளவில் அழுகிறார்கள். வளர வளரத்தான் ஆண்பிள்ளை அதை அடக்கப் பழகுகிறான். 2009இல் போரின் இறுதியில் உறவுகளைப் பறிகொடுத்து அழவும் நேரமின்றி நடந்து வந்த எங்கள் வீடுகளில், தாலிக்கொடிக்காக வரும் கண்ணீர் தாலிக்கொடிக்கு மட்டுமானதாக இருப்பதில்லை; அதைத் துருவிக் கேட்காதீர்கள், பக்கத்தில் இருங்கள்.

அடிக்கோ மிரட்டலுக்கோ பயந்து வரும் அழுகைக்கு இந்த வழி பொருந்தாது. அதற்குப் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ 1938 என்ற பெண்கள் உதவித் தொலைபேசி இலக்கத்தையோ நாட வேண்டும்.

சொன்ன நேரத்தில் திரும்பியதும் அடைவுத் துண்டை இருவருக்கும் நடுவில் வைத்து, தவணைத் திகதியிலிருந்து தொடங்குங்கள்.