வீட்டு வேலைக்கு ஈபி மீட்டரைக் கழட்டணும்னா என்ன செய்யணும், எதைச் செய்யவே கூடாது

ஓட்டு வீட்டுல ஆசாரத்தை (முன்கூடம்) மட்டும் இடிச்சுட்டு காங்கிரீட் போடறவங்க, சிங்கிள் பேஸ்ல இருந்து த்ரீ பேஸுக்குப் போறவங்க, கரையான் தின்ன மரப்பலகையைத் தூக்கிப்போட்டுட்டு புது போர்டு வெக்கறவங்க, இவங்க எல்லாருக்குமே ஒரு நாளைக்கு மீட்டர் குறுக்க நிக்கும். எங்க வீட்டுல (கோபி பக்கம்) போன தடவை வேலை செஞ்சப்ப இதைப் பத்தி தமிழ்ல தெளிவா எங்கயும் கெடைக்கலீங்க, அதான் எழுதறேன். வயரிங் எப்படிப் பண்றதுன்னு இதுல இல்லை, அதுக்கு எலக்ட்ரீசியன் இருக்காரு. மீட்டர், அதுக்கு முன்னால இருக்கற கட்அவுட் (ஈபியோட பீஸ் இருக்கற பெட்டி), இதுங்களை வேலைக்காக எப்படி ஒழுங்கா கழட்டி மாட்ட வெக்கறதுங்கறது மட்டும் தான்.

மொதல்ல ஒண்ணு. மீட்டர் உங்க சுவத்துல தொங்குனாலும் உங்களுது இல்லை. போஸ்ட்ல இருந்து வர்ற சர்வீஸ் வயர், கட்அவுட், மீட்டர், அதுல இருக்கற சீலு எல்லாம் வாரியத்தோட பொறுப்பு (2024ல இருந்து பேரு தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், ஆனா இங்க எல்லாரும் இன்னும் ஈபின்னு தான் சொல்றோம்). பத்திரமா பாத்துக்கறது மட்டும் நம்ம வேலை. 2003 மின்சாரச் சட்டம் 138வது பிரிவுல, அனுமதி இல்லாம மீட்டரை லைன்ல மாட்டுனாலும் சரி கழட்டுனாலும் சரி மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு, இல்லைன்னா 10,000 ரூவா வரைக்கும் அபராதம், இல்லை ரெண்டும்னு இருக்கு. இதுக்கு கரண்டு திருடியிருக்கணும்னு கூட இல்லீங்க. திருட்டுக்கு 135ன்னு தனிப் பிரிவு இருக்கு, சீலு ஒடைஞ்சிருந்தா பேச்சு அங்க போயிரும், அப்பறம் "நான் பெயிண்ட் அடிக்கத்தான் கழட்டுனேன்"னு நிரூபிக்கற வேலை நம்ம தலையில. இப்ப வர்ற ஸ்டேடிக் (எலக்ட்ரானிக்) மீட்டருங்க நெறையாவுல கவரைத் தொறந்தா தேதி நேரத்தோட உள்ளயே பதிவாயிரும், சீலை எவ்வளவு நேக்கா திருப்பி ஒட்டுனாலும் பிரயோசனம் இல்லை.

சரி, நெஜமாவே கழட்டணுமா?

பாதிப் பேருக்கு வேண்டியதில்லைங்க. ரூமுக்குள்ள வயரிங், டிபி பாக்ஸ் (எம்சிபிங்கற ட்ரிப் சுவிட்சுங்க எல்லாம் இருக்கற பெட்டி) மாத்தறது, ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா ட்ரிப் ஆகறது) போடறது இதுக்கெல்லாம் மெயின் சுவிட்சை இறக்குனாப் போதும், ஈபி ஆளே வேண்டாம். மெயின் சுவிட்சையே மாத்தணும், இல்லை மீட்டர்ல இருந்து மெயினுக்கு வர்ற வயரு கருகிப்போச்சுன்னா மீட்டரைக் கழட்டத் தேவையில்லை, ஆனா ஈபி ஆளு வந்து கட்அவுட்ல பீஸ் கேரியரை (பீஸ் கம்பி மாட்டியிருக்கற பிடி) பிடுங்கித் தரணும். சுவத்தை இடிக்கறது, பூச்சு வேலை, போர்டு மாத்தறது, வேற சுவத்துக்குக் கொண்டு போறது, இதுக்குத் தான் மீட்டரே கீழ எறங்கணும்.

இங்க தான் நெறைய பேரு தப்பா நெனைக்கறாங்க. மெயின் சுவிட்ச் ஆஃப்ல இருந்தா அதுக்குக் கீழ தான் கரண்டு இல்லை. மெயினோட மேல்பக்க டெர்மினல், மீட்டரோட ரெண்டு பக்கமும், கட்அவுட் எல்லாம் உயிரோட தான் இருக்கும். பீஸ் கேரியரைப் பிடுங்குனாலும் கட்அவுட்டோட மேல்வாயில போஸ்ட்ல இருந்து வர்ற கரண்டு அப்படியே நிக்கும். அந்த எடத்துல ஷார்ட் ஆனா நிறுத்தறதுக்கு நம்ம வீட்டு எம்சிபி, ஆர்சிசிபி எதுவும் வராது, அதுங்க எல்லாம் மீட்டருக்கு அக்கட்டால இருக்கு.

விண்ணப்பம்

மீட்டர் எடத்தை மாத்தறதுக்கு, லோடு ஏத்தறதுக்கு, பேரு மாத்தறதுக்கு எல்லாம் தனித்தனி விண்ணப்பம், வாரிய வெப்சைட்லயே போடலாம். அதே எடத்துல கழட்டி மாட்ட மட்டும்னா செக்சன் ஆபீஸ்ல ஏஇ (உதவிப் பொறியாளர்) பேருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தோம். லெட்டர்ல சர்வீஸ் நம்பர் முழுசா எழுதுங்க, எங்க பக்கம் 04ல ஆரம்பிக்கும், கோயமுத்தூர், திருப்பூர்காரங்களுக்கு 03. எதுக்குக் கழட்டணும், எந்தத் தேதி, உங்க எலக்ட்ரீசியன் யாரு, நாலு வரி போதும். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒண்ணுல ஆபீஸ் முத்திரை போட்டு வாங்கிக்கோங்க, இது முக்கியம், நாளைக்கு யாராச்சும் மீட்டர் சீலு எங்கன்னு கேட்டா காட்டறதுக்கு அந்த ஒரு பேப்பர் தான் இருக்கும். கட்டணத்தை இங்க எழுதலை, ஏத்திட்டே இருக்காங்க, வெப்சைட்ல அன்னைக்கு என்ன காட்டுதோ அதைக் கட்டி ரசீது எடுத்துக்கோங்க.

எங்களுக்கு இழுத்தது எங்கன்னா, சர்வீஸ் இன்னும் அப்பாரு பேருல இருந்துச்சு. அப்பாரு காலமாகி ரொம்ப வருசம் ஆச்சு, பில்லு கட்டறதுக்கு யாரு பேருல இருந்தா என்னன்னு ஊருல பாதி வீட்டுல அப்படியே தான் கெடக்குது. ஆனா இடமாத்தத்துக்கோ லோடு ஏத்தறதுக்கோ போறப்ப தான் ஒவ்வொண்ணா கேக்கறாங்க, வாரிசு சான்று, சொத்து வரி ரசீது, மத்த வாரிசுங்க சம்மதம்னு. அதுக்கும் மேல ஓடிபி போற போன் நம்பர் பெங்களூருல இருக்கற சித்தப்பாவுது, அவரு ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்துட்டு போனை எடுக்கலை, ஓடிபி காலாவதி, மறுக்கா மொதல்ல இருந்து. அதனால கொத்தனாருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே பில்லை எடுத்து பேரு என்ன, நம்பர் யாருதுன்னு பாத்துருங்க. பேரு மாத்தற வேலையை மொதல்ல முடிச்சுட்டு அப்பறம் இதுக்கு வாங்க. பாக்கி இருந்தா கட்டிருங்க, பாக்கியோட எந்த விண்ணப்பமும் நகராது.

வேலை நாள்

எலக்ட்ரீசியன் லைசென்ஸ் இருக்கறவரா பாருங்க. மாமன் மச்சானுக்கு மோட்டார் ரீவைண்டிங் நல்லா வரும்கறதும் இதுவும் வேற. வேலை முடிஞ்சப்பறம் வயரிங் சோதிச்ச ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட லைசென்ஸ்காரரு தான் வேணும்.

ஈபி ஆளு வர்றதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. மீட்டர்ல பட்டனை அமுக்கி கேடபிள்யூஹெச் (யூனிட்) வர்ற வரைக்கும் தள்ளுங்க, அந்த ரீடிங்கு ஒரு போட்டோ, மீட்டர் சீரியல் நம்பர் ஒண்ணு, ஒவ்வொரு சீலும் கிட்டக்க ஒண்ணு, டெர்மினல் பக்கம் ஒண்ணு. ரீடிங் எழுதற வெள்ளை அட்டையைக் காப்பாத்திக்கோங்க, இடிக்கற எடத்துல அது தான் மொதல்ல தொலையும். கழட்டுன ரீடிங்கை அந்த அட்டையிலயே எழுதி லைன்மேன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன், நீங்களும் கேளுங்க, யாரும் வேண்டாம்னு சொல்லமாட்டாங்க.

வேலை காலையில ஆரம்பிச்சு சாயந்திரத்துக்குள்ள முடியற மாதிரி வெச்சுக்கோங்க. புது போர்டு, மெயின் சுவிட்ச், எர்த் கம்பி எல்லாம் முந்துன நாளே சுவத்துல ஏறி இருக்கணும், மீட்டர் எறங்குனதுக்கப்பறம் ட்ரில்லிங் மெஷினுக்குக் கரண்டு எங்கிருந்து வரும்? பக்கத்து வீட்டுல இருந்து, தோட்டத்து மோட்டார் சர்வீஸ்ல இருந்து, தறிக்குடோன்ல இருந்து ஒரு வயரை இழுத்துக்கலாம்னு எல்லாருக்கும் தோணும். பண்ணாதீங்க. சர்வீஸ் எந்த எடத்துக்கு, எந்த உபயோகத்துக்குக் குடுத்தாங்களோ அதை விட்டு வேறதுக்கு எடுத்தா 126வது பிரிவு, ரெண்டு மடங்கு ரேட்டு, எப்ப இருந்துன்னு கண்டுபுடிக்க முடியலைன்னா ஒரு வருசத்துக்குக் கணக்குப் போடுவாங்க. இதுல சிக்கிக்கறது ஒதவி செஞ்ச பக்கத்து வீட்டுக்காரரு தான். பேட்டரி ட்ரில் ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கோங்க.

இன்னொரு யோசனையும் இங்க அடிக்கடி கேக்கறேன். மாசாந்திர பராமரிப்புக்கு சப்ஸ்டேசன் ஷட்டவுன்னு பேப்பர்ல போடறாங்கல்ல, காலையில 9 மணிக்குப் போனா சாயந்திரம் தான் வரும், அன்னைக்கு நம்மளே கழட்டி மாட்டிக்கலாம்னு. வேலை சீக்கிரம் முடிஞ்சா மத்தியானமே விட்டுருவாங்க, யாருக்கும் சொல்லிட்டு விடறதில்லை. போதாததுக்கு பக்கத்துல எவனாச்சும் ஜெனரேட்டரைச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ஈபி லைனைப் பிரிச்சுவிடறது) இல்லாம கோர்த்துவிட்டிருந்தா அதே லைன்ல கரண்டு திரும்பி வரும்.

டூல்ஸ் பத்தி சொல்லிடறேன். நியான் டெஸ்டர் (அந்த ஸ்க்ரூட்ரைவர்ல லைட்டு எரியுமே) எனக்குப் புடிக்காது. வெயில்ல எரியறது தெரியாது, பக்கத்து வயரோட இண்டக்‌ஷனுக்குச் சும்மாவே மினுங்கும், நியூட்ரல் அறுந்திருக்கறதை அது சொல்லவே சொல்லாது. ஒரு சுமாரான மல்டிமீட்டரும் ஹோல்டர்ல பல்பு போட்ட டெஸ்ட் லேம்ப்பும் போதும். மல்டிமீட்டரை மொதல்ல கரண்டு இருக்கற எடத்துல வெச்சுப் பாத்துட்டு, அப்பறம் கரண்டு இல்லாத எடத்துல வெச்சு, மறுக்கா இருக்கற எடத்துல வெச்சுப் பாக்கணும், இல்லைன்னா பேட்டரி செத்துப்போன மீட்டரை நம்பிக் கையை வெச்சுருவோம். ஸ்ட்ராண்ட் வயரை அப்படியே முறுக்கி டெர்மினல்ல சொருகறதை விட்டுட்டு பின் லக்கு (வயர் நுனிக்குப் போடற உலோக முனை) போட்டு க்ரிம்ப் பண்ண, அதாவது அமுக்கி இறுக்கச் சொல்லுங்க. எங்க பழைய மெயின் சுவிட்சைக் கழட்டுனப்ப ஒரு பேஸ் டெர்மினல் மட்டும் பேக்கலைட் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்து, திருகாணி விரல்லயே சுத்துச்சு, ஏசி போட்டா லைட்டு மங்குன காரணம் அது தான்.

நியூட்ரல்

த்ரீ பேஸ் வீடா இருந்தா இந்த ஒரு பத்தியை மட்டுமாச்சும் எலக்ட்ரீசியன்கிட்ட படிச்சுக் காட்டுங்க. மூணு பேஸும் மாட்டி நியூட்ரல் மாட்டாம விட்டாலோ, மாட்டி லூஸா விட்டாலோ, வீட்டுல கரண்டு வரும், லைட்டு கூட எரியும், அதான் ஏமாத்தும். நியூட்ரல் இல்லாதப்ப ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கற 415 வோல்ட்டை வீட்டுச் சாமானுங்க லோடுக்குத் தக்கன பங்கு போட்டுக்கும். எச்சா லோடு இருக்கற பேஸ்ல வோல்டேஜ் சரிஞ்சு போகும், கம்மியா லோடு இருக்கற பேஸ்ல 300, 350ன்னு ஏறும். டிவி, பிரிட்ஜ் போர்டு, செட்டாப் பாக்ஸ், செல்போன் சார்ஜர் எல்லாம் கம்மி லோடு பேஸ்ல தான் இருக்கும். எங்க பெரியப்பா வீட்டுல கல்யாணத்துக்கு முன்னால இப்படித்தான் ஆச்சு, ஒறம்பரை எல்லாம் வந்து எறங்கற நேரத்துல பிரிட்ஜும் ரெண்டு டிவியும் ஒரே சமயத்துல புகைஞ்சுச்சு.

அதனால மாட்டறப்ப நியூட்ரல் மொதல்ல, கழட்டறப்ப நியூட்ரல் கடைசியில. மாட்டி முடிச்சதும் உள்ள எல்லா எம்சிபியும் ஆஃப்ல இருக்கட்டும். மெயின்ல மூணு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் தனித்தனியா அளந்தா 230 பக்கம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரணும், பேஸுக்குப் பேஸ் 400, 415. அப்பறம் ஒரு அயர்ன் பாக்ஸ் மாதிரி கனமான லோடை ஒரு பேஸ்ல மட்டும் போட்டுட்டு மறுக்கா அளங்க. நியூட்ரல் லூஸா இருந்தா இப்பத்தான் தெரியும், அந்தப் பேஸ்ல சரிஞ்சு மத்த ரெண்டுல ஏறும். அப்படி ஏறுனா ஒடனே ஆஃப் பண்ணிட்டு லைன்மேன்கிட்ட சொல்லுங்க, அவரு கெளம்பறதுக்கு முன்னாடியே இதைப் பாத்துருங்க.

கூடவே ஒரு விண்ணப்பம் என்னோடது: மீட்டருக்குப் பக்கத்துலயே, மீட்டர்ல இருந்து மெயினுக்குப் போற வயர் பக்கம், ஒரு ஃபோர் போல் ஐசொலேட்டர் (நாலு வயரையும் ஒண்ணா வெட்டற சுவிட்ச்) போட்டு வெச்சுருங்க. நியூட்ரலையும் சேத்து வெட்டும். அடுத்த தடவை மெயின் போர்டை மாத்தறதுக்கு ஈபி ஆளைக் கூப்புட வேண்டியதில்லை, பீஸைத் தொட வேண்டியதும் இல்லை.

எழுதுனதுக்கப்பறம் சேத்தது: மீட்டர் கழட்டியாச்சு, ஆனாலும் ஸ்விட்ச் போர்டுல ஷாக் அடிக்குதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. இன்வெர்டரை ஆஃப் பண்ணலை அவரு. மீட்டர் போனா இன்வெர்டர் பவர்கட்னு நெனைச்சுட்டு பேட்டரியில இருந்து குடுத்துட்டே இருக்கும். சுவிட்சை ஆஃப் பண்ணி பேட்டரி வயரையும் கழட்டுங்க. அதே மாதிரி மேல் மாடிக்குத் தனி சர்வீஸ் இருக்கற வீட்டுல, படிக்கட்டு லைட்டு ஒரு சர்வீஸ்ல பேஸ் எடுத்து இன்னொரு சர்வீஸ்ல நியூட்ரல் எடுத்திருப்பாங்க, அந்தக் காலத்து எலக்ட்ரீசியனுங்க வயர் மிச்சம் பண்ணுன வேலை. ஒரு மீட்டரைக் கழட்டுனா போதாது, வேலை முடியற வரைக்கும் ரெண்டு மெயினையும் எறக்கி வெச்சுருங்க.

மாட்டுன அன்னைக்கே சீலு எல்லாம் புதுசா போட்டாங்களான்னு பாத்து மறுக்கா போட்டோ எடுங்க. சீல் போட மறந்துட்டுப் போயிட்டாங்கன்னா மின்னகத்துக்கு (ஈபியோட புகார் மையம்), 94987 94987, போன் பண்ணி புகார் நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க, நாளைக்கு நம்ம மேல வராது. அடுத்த ரீடிங் எடுக்க வர்றப்ப வீட்டுல ஆளு இருங்க. அதே மீட்டர்னா பழைய ரீடிங்ல இருந்து தொடரணும், புது மீட்டர் மாட்டியிருந்தா பழசோட கடைசி ரீடிங்கும் புதுசோட ஆரம்ப ரீடிங்கும் ரெண்டும் ஏறியிருக்கணும், இல்லைன்னா ரெண்டு மாச பில்லுல எங்கயோ ஒரு அஞ்சு இலக்க யூனிட் வந்து நிக்கும், அப்ப அந்த வெள்ளை அட்டையையும் போட்டோவையும் எடுத்துட்டு ஆபீஸுக்குப் போகணும்.